ஓவியர் சபாபதி உயிருடன் இருக்கிறார்

என் அண்ணன் செத்துப் பதினோரு மாதம் ஆன பிறகு, அவன் உயிருடன் இருப்பதாக நான் ஒரு பெட்டியில் டிக் அடித்தேன். வேறு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. அந்த வழிக்கு ஆறு மாதம் ஆகும். சுவருக்கு இருந்தது பதினெட்டு நாள்.

நான் கடலூரில் கெடிலக்கரை அருங்காட்சியகத்தில் ஒப்பந்த ஊழியன். பதவியின் பெயர் இலக்கவியல் ஆவண உதவியாளர். வேலை, டைப் அடிப்பது. எங்களுக்கு மூன்று அறை. முதல் அறையில் முதுமக்கள் தாழி, இரண்டாவதில் பீரங்கிக் குண்டு, மூன்றாவதில் ஒரு திமிங்கிலத்தின் விலா எலும்பும் 'தொடாதீர்கள்' என்ற பலகையும். பலகை எலும்பைவிடப் பெரியது. இதற்கெல்லாம் காப்பாட்சியர் ஸ்ரீமதி மேடம். மேடத்துக்குக் கீழே நான். எனக்குக் கீழே எலும்பு.

போன வருடம் நாங்கள் தேசிய அருங்காட்சியக வலையத்தில் சேர்ந்தோம். நாட்டில் இருக்கிற சின்னதும் பெரியதுமான அருங்காட்சியகங்களை எல்லாம் ஒரே இணையதளத்தில் கோர்க்கிற திட்டம் அது. டெல்லியில் இருக்கிற ஒருவர் கடலூர் என்று அழுத்தினால் எங்கள் எலும்பு வரும். எலும்பை அழுத்தினால் அதன் நீளம் வரும். அதற்கப்புறம் அவர் என்ன செய்வார் என்று சுற்றறிக்கையில் இல்லை.

ஒரு பொருளுக்கு இருபத்திரண்டு பெட்டி நிரப்ப வேண்டும். அதில் ஒன்று 'நிலை'. நன்று, சுமார், சிதைவு என்று மூன்று வாய்ப்பு. நான் எல்லாவற்றுக்கும் சுமார் என்றே போட்டுக்கொண்டிருந்தேன். தாழி சுமார், குண்டு சுமார், மூக்கு போன நந்தி சுமார். அண்ணன் போனதற்கு ஒரு வாரம் லீவு தந்தார்கள். எட்டாவது நாளிலிருந்து தினமும் முப்பது பொருள். யாராவது எப்படிடா இருக்கே என்று கேட்டால் சுமார் என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடலாம். வசதியாகத்தான் இருந்தது.

அண்ணனுக்கு வந்தது காய்ச்சல். ஒன்பது நாள். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த ஜூலையில் இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. 'ஊரே அருங்காட்சியகம்.' கட்டடத்துக்குள் இருக்கிற கலையை முடித்துவிட்டார்கள் போல, இனி தெருவில் இருக்கிற கலையையும் வலையத்தில் சேர்க்க வேண்டும். சிலை, சுவரோவியம், ரவுண்டானாவில் நிற்கிற பொம்மை எல்லாம். சேர்ந்தவற்றுக்கு ஓர் எண் தருவார்கள், பக்கத்தில் உலோகப் போர்டு வைப்பார்கள், அதன் மேல் யாரும் கைவைக்கக் கூடாது. அதே நேரத்தில் நகர அழகுபடுத்தும் திட்டம் என்று இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஊர்ச் சுவர்களுக்கெல்லாம் சந்தன நிறம் அடித்துக்கொண்டு வந்தார்கள். வலையப் பட்டியலில் இருக்கிற சுவரை மட்டும் விட்டுவிடுவார்கள். இரண்டு திட்டமும் ஒன்றையொன்று நேரில் பார்த்ததில்லை. கடைசி நாளான முப்பதாம் தேதி மட்டும் இரண்டுக்கும் பொது.

நான் சைக்கிளில் போய்ப் பதினான்கு கலைகளைக் கண்டுபிடித்தேன். முதுநகரில் ஒரு கான்கிரீட் இறால். நெல்லிக்குப்பம் சாலையில் ஐந்து கணு வைத்த சிமென்ட் கரும்பு. மூன்றாவது கணுவில் காதலர்கள் பெயர் எழுதியிருந்தார்கள், அதையும் அளந்தேன். ஒரு தண்ணீர்த் தொட்டியில் மயில். பேனா பிடித்த கை ஒன்று, பேனா இல்லாமல். பதினொன்றாவதாக என் அண்ணனின் சுவர்.

அண்ணன் சிதம்பரத்துக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனவன். நாலாவது செமஸ்டரில் பெயின்ட் வாளியோடு திரும்பி வந்தான். அப்பா முப்பத்தொரு வருஷம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். அவர் அவனைத் திட்டவில்லை. பேச்சை மட்டும் நிறுத்தினார். அண்ணன் மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய கோடவுனின் சுற்றுச்சுவரை அறுபது அடி நீளத்துக்குப் பிடித்து, நாற்பத்தொரு பேர் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பதாக வரைந்தான். மீன்கூடையோடு ஒரு அம்மா, டியூஷன் போகிற பெண், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய ஒருவர், வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர். கடலூரில் ஆட்கள் வரிசையில் நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் வரைந்தால்தான் உண்டு என்றான். வரைந்து முடித்த மூன்றாவது வாரம் ஒரு மினிபஸ் அங்கே நின்றது. அப்புறம் எல்லா மினிபஸ்ஸும் நிற்க ஆரம்பித்தன. இப்போது உண்மையான ஆட்கள் அந்த வரிசைக்கு முன்னால் கும்பலாக நின்று முண்டியடித்து ஏறுகிறார்கள்.

அப்பா அந்தச் சுவரைப் பார்த்ததில்லை. அண்ணன் இருக்கும்போது வீம்பு. அண்ணன் போன பிறகு, நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூருக்கு வரும்போதெல்லாம் ஒரு ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கி, வேறு தெரு வழியாக நடந்து போவார். வெயிலிலும் அப்படித்தான்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். பொதுக்கலைக்கான படிவத்தில் 'கலைஞர்' என்ற பகுதி இருந்தது. உயிருடன் இருக்கிறார், காலமானார் என்று இரண்டு வட்டம். காலமானார் என்று போட்டால் வாரிசுச் சான்றிதழ் கேட்கும், அது டெல்லிக் குழுவுக்குப் போகும், குழு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூடும். அதுவரை சுவர் 'நிலுவை'. நிலுவையில் இருக்கிற சுவருக்குச் சந்தன நிறம் அடிக்கலாம். உயிருடன் இருக்கிறார் என்று போட்டால் எங்கள் அளவிலேயே முடிந்துவிடும்.

ஸ்ரீமதி மேடம் என் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். வீட்டுக்கு மாலையோடு வந்தவர். கொஞ்ச நேரம் கழித்து, எலும்பு அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அந்த அறையில் ஃபேன் கிடையாது. நான் டிக் அடித்தேன்.

அடுத்தது பெயர். டெல்லிக்காரர்களுக்கு முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு வேண்டும். நமக்கு முன்னால் ஓர் எழுத்து உண்டு, பின்னால் ஒன்றும் கிடையாது. குடும்பப் பெயரைக் காலியாக விட்டால் பெட்டி சிவப்பாகிறது. ஆகவே எல்லோரும் செய்கிறபடி அப்பா பெயரான சபாபதியைப் போட்டேன். முதல் பெயர்ப் பெட்டி ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்துதான் வாங்கும். அண்ணன் பெயர் செந்தமிழ்செல்வன், ஆங்கிலத்தில் பதினாறு எழுத்து. 'செல்வ'னில் 'செ' மட்டும் உள்ளே போனது, மீதி வெளியே நின்றுவிட்டது.

பிறகு கலைஞரின் செல்போன் எண் கேட்டது. ஓடிபி அனுப்புவார்களாம். அண்ணனின் நம்பர் இப்போது நெய்வேலியில் ஓர் அம்மாவிடம் இருக்கிறது. ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், கேஸ் சிலிண்டரா என்று கேட்டார். அதனால் அப்பாவின் நம்பரைக் கொடுத்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன். ரேஷன், கேஸ், பேங்க் என்று எங்கள் வீட்டில் எல்லா ஓடிபியும் அவருக்குத்தான் வரும். எதற்கு என்று கேட்காமல் ஆறு எண்ணையும் படித்தார். 'வயது' என்ற இடத்தில் பதினெட்டுக்கு மேல், கீழ் என்று இரண்டுதான் இருந்தது. மேல்.

நான்கு நாளில் ஒப்புதல் வந்தது. பொதுக்கலை எண் பதினொன்று. சுவர் பிழைத்தது. போர்டின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். 'வரிசை. சுவரோவியம். ஓவியர்: சபாபதி எஸ்.'

குடும்பப் பெயரை முழுதாகவும் முதல் பெயரை ஓர் எழுத்தாகவும் போடுவது அவர்கள் வழக்கம். அண்ணன் பெயரில் இப்போது 'செ'கூட இல்லை, 'எஸ்'தான்.

சிதம்பரத்தில் இருக்கிற மண்டல மையத்துக்குப் போன் செய்தேன். ஒருங்கிணைப்பாளர் ராஜ்கமல் எடுத்தார். என் பெயர் ச. சித்தார்த். அவர் திரையில் நானும் 'சபாபதி எஸ்'தான், ஆகவே சபாபதி ப்ரோ, சொல்லுங்க என்றார். வலையத்தின் கணக்கில் எங்கள் வீட்டு ஆண்கள் மூன்று பேரும் சபாபதிகள். போர்டில் பெயர் தப்பு என்று பொதுவாகச் சொன்னேன். அச்சுக்குப் போயாச்சு ப்ரோ என்றார். ஓவியர் நேரில் வந்து சொன்னால் திருத்தலாம், வெள்ளிக்கிழமை தொடக்க விழாவுக்கு அவர் எப்படியும் வருகிறாரே என்றார்.

வருகிறாரா என்று கேட்டேன்.

வருவதாகச் சொன்னாராம். ராஜ்கமலே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். ஓவியர் சபாபதி சாரா என்று கேட்டதற்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம், அப்புறம் சபாபதிதான் பேசுறேன் என்று பதில் வந்ததாம். நல்ல அமைதியான ஆளு ப்ரோ என்றார் ராஜ்கமல்.

அன்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். டிக், பெட்டி, போர்டு, திங்கட்கிழமை பெயின்ட்காரர்கள் மஞ்சக்குப்பத்துக்கு வருகிறார்கள் என்பது வரைக்கும். உண்மையைச் சொன்னால் பதிவு நிலுவைக்குப் போய்ச் சுவர் போய்விடும். சொல்லாவிட்டால் சுவர் இருக்கும், அண்ணன் பெயர் இருக்காது. இரண்டில் ஒன்று. அப்பா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் பேசினாள்.

"அவன் பேரு இல்லாம அந்தச் சுவரு இருந்து என்னா பண்றது? அது யார் வூட்டுச் சுவரோ."

அப்பா கை கழுவ எழுந்து போனார். திரும்பி வந்து, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார். அவ்வளவுதான் அன்றைய பேச்சு. அவர் மேடையில் ஏறி உண்மையைச் சொல்வாரா, வாயை மூடிக்கொண்டு சால்வையை வாங்குவாரா என்று என்னால் கேட்க முடியவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். நானும் எது நடந்தாலும் சரி என்ற நிலையில் இருந்தேன். அது துணிச்சல் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட தாடை மாதிரி.

வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் பஸ்ஸில் சிதம்பரம் போனோம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் போன். ஆலப்பாக்கம் வரைக்கும் ஜன்னலைப் பார்த்தார். முட்லூர் தாண்டியதும், அங்கே காபி தருவார்களா என்று கேட்டார். தருவார்கள் என்றேன்.

தெற்கு வீதிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. வாசலில் 'ஊரே அருங்காட்சியகம்' என்ற பேனர். அதன் ஓரத்தில் முந்தின நாள் காதுகுத்து பேனரில் இருந்த குழந்தையின் கால் தெரிந்தது. உள்ளே கடலூர், சிதம்பரம், பெண்ணாடம் பக்கத்துக் கலைஞர்களை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் அட்டை. அப்பாவின் அட்டையில் 'சபாபதி எஸ்., ஓவியர்'. அவர் அதைக் கையில் எடுத்துத் தூரமாகப் பிடித்துப் படித்தார். பிறகு மாட்டிக்கொண்டார். நான் பின்வரிசையில் ஸ்ரீமதி மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடம் பையிலிருந்து மாம்பழ மிட்டாய் ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

அப்பாவுக்கு அடுத்த நாற்காலியில் குமராட்சி கண்ணாயிரம். முதுநகர் இறாலைச் செய்தவர் அவர்தான். தொழில்காரரைக் கண்டால் பேசாமல் இருக்க மாட்டார்.

"சுவர்ல மொதக் கோட்டு என்னா அடிச்சீங்க?"

"வெள்ள" என்றார் அப்பா.

"அதான் கரெக்ட்டு. இப்ப வர்ற பசங்க நேரா கலர்ல எறங்கிடுறானுங்க. எத்தன நாள் புடிச்சிது?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நான்கு விரலைக் காட்டினேன். நான்கு மாதம் என்றார் அப்பா. கண்ணாயிரம் தலையை ஆட்டி, தன் இறாலுக்கு மீசை வைக்கவே ஒரு மாசம் ஆனதாகவும், அந்த மீசையை ஒரு லாரிக்காரன் இடித்துவிட்டதாகவும் சொன்னார்.

டெல்லியிலிருந்து வந்த அதிகாரி பேசினார். இனி கடலூர் ஒரு நகரமல்ல, சுவரில்லாத அருங்காட்சியகம் என்றார். மொழிபெயர்த்தவர் சுவரில்லாத என்பதை இரண்டு தடவை சொன்னார், இரண்டாம் தடவை அவருக்கே சந்தேகம் வந்த மாதிரி இருந்தது. பிறகு ராஜ்கமல் மைக்கைப் பிடித்துக் கலைஞர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சால்வை, போட்டோ, போர்டின் மாதிரி அட்டை. கண்ணாயிரம் போய் வந்தார். மயில் போய் வந்தது.

"பொதுக்கலை எண் பதினொன்று, 'வரிசை'. ஓவியர் திரு. சபாபதி."

அப்பா எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். கண்ணாயிரம் முழங்கையால் இடித்தார். அப்பா எழுந்து படியேறி, அதிகாரி சால்வையை விரித்துக்கொண்டு நிற்க, அவரைத் தாண்டி ராஜ்கமலிடம் போனார். மைக் ஆனில் இருந்தது.

"தம்பி, பேரு தப்பா இருக்கு."

"சபாபதிதானே சார் நீங்க?"

முடிந்தது என்று நினைத்தேன். ஸ்ரீமதி மேடம் மிட்டாய்க் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"சபாபதி எங்கப்பா பேரு" என்றார் அப்பா. "என் பேரு செந்தமிழ்செல்வன்."

மண்டபத்தில் ஒருவருக்கும் இது அதிசயமாகப் படவில்லை. அங்கே இருந்த முந்நூறு பேரில் பாதிப்பேரைப் பாஸ்போர்ட்டிலோ பேங்கிலோ ஒரு தடவையாவது அப்பா பெயரால் கூப்பிட்டிருப்பார்கள். பின்னால் யாரோ, இனிஷியலைப் பேராக்கிட்டானுங்கய்யா என்றார். சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் தன் மனைவிக்கு ஏர்போர்ட்டில் மாமனார் பெயர் விழுந்த கதையை ஆரம்பித்தார். அதிகாரி சால்வையைத் திரும்ப மடித்தார். ராஜ்கமல் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பேரைத் திருத்தி மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லி மைக்கை இன்னொருவரிடம் கொடுத்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினார். பதிவு போட்டவன் நான். திருத்தமும் நான்தான் போட வேண்டும்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, லேப்டாப். நான் உட்கார்ந்தேன். எதிரே அப்பா. யாரோ அவருக்கு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தார்கள். ஸ்ரீமதி மேடம் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார், இந்தத் தடவை ஃபேனைத் தேடிப் போகவில்லை.

'சரியான பெயர்' என்ற பெட்டிக்கு எழுத்துக் கணக்கு இல்லை. தமிழிலேயே அடிக்கலாம். செந்தமிழ்செல்வன் என்று அடித்தேன். மேடம் தமிழில் எம்.ஏ., எம்.பில். அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"ச் மிகும்" என்றார்.

ராஜ்கமல் என்ன மேடம் என்று கேட்டார்.

"செந்தமிழ், அதுக்கப்புறம் ஒரு ச், அப்புறம் செல்வன். ஒற்று மிகணும்."

"மிகாது" என்றார் அப்பா.

"இலக்கணப்படி..."

"பர்த் சர்ட்டிபிகேட்டுல அப்டித்தான் இருக்கு. ஆஸ்பத்திரியில நான்தான் எழுதிக் குடுத்தேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. காபி டம்ளரைத் தொட்டார், எடுக்கவில்லை. தன் பிறப்புச் சான்றிதழைத் தானே எழுதிக் கொடுத்த அந்த ஓவியரை ராஜ்கமல் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மேடத்துக்கு உறைத்தது.

"அப்ப மிகாது" என்றார் மேடம். அவர் இதற்கு முன்னால் யாருக்கும் ஓர் ஒற்றை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

அடுத்த பெட்டியில்தான் சிக்கல் வந்தது. பதிவு இப்போது சபாபதி என்ற ஆளின் பெயரில் இருக்கிறது. அந்த ஆள் நேரில் வந்து, இது என்னுடையது அல்ல என்று விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். ராஜ்கமல் தயக்கத்தோடு கேட்டார்.

"அப்பா இருக்காங்களா சார்? ஒரு கையெழுத்துதான்."

"இல்ல" என்றார் அப்பா. "தவறிட்டாரு."

"ஸாரி சார். எப்போன்னு ஒண்ணு போடணும்."

"போன வருஷம். ஆகஸ்ட் மூணு."

அது அண்ணன் போன தேதி. பதினோரு மாதத்தில் அதை அவர் வாயால் நான் கேட்டது அப்போதுதான். சபாபதி, காலமானார், மூன்று, எட்டு என்று அடித்தேன். விரல்கள் வழக்கம்போல வேலை செய்தன. சான்றிதழ் கேட்கவில்லை. செத்த ஓவியருக்குத்தான் சான்றிதழ். செத்த அப்பாவுக்கு வாய்வார்த்தை போதும்.

ராஜ்கமல் மேடைப் பக்கம் திரும்பியபோது நான் குனிந்து, பென்ஷனில் ஏதாவது வந்துவிடப் போகிறது என்று முணுமுணுத்தேன்.

"உயிரோட இருக்கேன்னு நவம்பர்ல எழுதிக் குடுக்கணும்" என்றார் அப்பா. "அது வேற ஆபீசு."

பிறகு சாட்சி. ராஜ்கமல் என் அட்டையைப் பார்த்துவிட்டு, நீங்களும் சபாபதிதானே ப்ரோ, சொந்தமா என்று கேட்டார். தம்பி என்றேன். பெட்டியிலும் அதையே எழுதினேன். செந்தமிழ்செல்வனுக்கு நான் தம்பி. அந்தப் படிவத்தில் அது ஒன்று முழு உண்மை. ராஜ்கமல் அறுபத்தொரு வயது அண்ணனையும் இருபத்து மூன்று வயது தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் கேப்பு ஜாஸ்தியோ?"

"ஜாஸ்திதான்" என்றார் அப்பா.

அப்பாவின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஓடிபி. அவர் எடுத்துக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, நான் கேட்பதற்காகக் காத்திருந்தார். ராஜ்கமலும் காத்திருந்தார். நான் அவரை ஏதாவது சொல்லிக் கூப்பிட்டாக வேண்டும்.

"சொல்லுண்ணா" என்றேன்.

பதினோரு மாதமாக வாயில் வராத சொல். வந்தபோது தனியாக ஒன்றும் நடக்கவில்லை. அப்பா மட்டும் முதல் எண்ணைப் படித்துவிட்டு நிறுத்தினார், மறுபடி முதலிலிருந்து படித்தார். ஆறு எண். அடித்தேன். திரையில் பச்சையாக ஒரு வரி வந்தது: திருத்தம் ஏற்கப்பட்டது. பொதுக்கலை எண் பதினொன்று, ஓவியர் ச. செந்தமிழ்செல்வன். நிலை, உயிருடன் இருக்கிறார்.

ராஜ்கமல் நல்ல பிள்ளை. மேடைக்குத் திரும்பிப் போகாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா விஷயம் தெரியாது ப்ரோ, ஸாரி என்றார். பரவாயில்லை என்றேன். அப்பா எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். இதுவரை என் கையை நிறையப்பேர் பிடித்திருக்கிறார்கள், ஆனால் யாருக்காகப் பிடிக்கிறார்களோ அவர் எதிரே உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

ராஜ்கமல் அவர் பக்கம் திரும்பினார்.

"சார், அப்பா இந்தச் சுவரைப் பாத்தாங்களா?"

"பாக்கல."

டம்ளரில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதைச் சுழற்றினார்.

"நேரம் இல்லாம இல்ல" என்றார்.

ராஜ்கமல் விழாவில் சொல்வதற்கென்று கைவசம் இருக்கிற வாக்கியங்களில் ஒன்றை எடுத்தார்.

"பாத்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாங்க சார்."

"பட்டிருப்பாரு" என்றார் அப்பா. "சொல்லியிருக்க மாட்டாரு."

மேடையில் பதினொன்றாம் எண்ணை மறுபடி கூப்பிட்டார்கள். பெயரை முழுதாக, ஓர் எழுத்து விடாமல் வாசித்தார்கள். அப்பா டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, கழுத்து அட்டையைத் திருப்பி எழுத்தில்லாத மறுபக்கம் வெளியே தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டு, படியேறிப் போனார்.